கிடங்குச் சுவரில் மாறிய ஓர் இலக்கம்

முதல் நாள்: 2025 செப்டம்பர் 4, வியாழன், அபர்டீன்

நியூஜெர்சியின் மெட்ரோபார்க் நிலையத்தில் இன்று காலை ரயில் ஏறியபோது என்னிடம் ஒரு தோள்பையும், அக்காவுக்கென்று மனைவி கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டிலும், சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்கான இரண்டு நுழைவுச்சீட்டுகளைத் தாங்கிய கைப்பேசியும் இருந்தன. மேரிலாண்டிலுள்ள அக்கா வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்வருவது வழக்கம்தான். ஆனால் இம்முறை பயணத்தின் காரணம் அக்காவோ அவர் சமையலோ அல்ல, பால்டிமோரில் 30 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டம் என்பதை அவரிடமே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கேல் ரிப்கன் ஜூனியர் 1982 மே 30 முதல் ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடிக்கொண்டே வந்து, 1995 செப்டம்பர் 6 அன்று தம் 2,131ஆவது தொடர் ஆட்டத்தில் இறங்கினார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 1939இல் 2,130 என்ற எண்ணில் நிறுத்திவைத்துப் போன சாதனை, 56 ஆண்டுகள் கழித்து அன்றிரவுதான் பின்னுக்குப் போனது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் உடனே பிடிபடாது. நம் கவாஸ்கர் தொடர்ந்து 106 டெஸ்டுகள் ஆடினார்; இங்கிலாந்தின் அலஸ்டர் குக் 159 ஆடினார். பேஸ்பாலில் ஓர் அணி ஒரே பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது; ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முடிய ஏறக்குறைய தினமும் ஆட்டம், ஆட்டம் இல்லாத நாளில் பெரும்பாலும் ஊர் மாறும் பயணம். டெஸ்டுக்கு ஐந்து நாள் அல்லவா என்று கேட்கும் நண்பர்களுக்காகக் குக்கின் கணக்கை ஐந்தால் பெருக்கியும் பார்த்துவிட்டேன், 795தான் வருகிறது.

சஸ்குவஹானா ஆற்றின் மேலுள்ள 1906ஆம் ஆண்டுப் பாலத்தை ரயில் கடந்ததும் வருகிற ஹாவர் டி கிரேஸ் என்ற சிற்றூரில்தான் ரிப்கன் 1960இல் பிறந்தார். வளர்ந்தது அதற்கடுத்த அபர்டீனில். அங்கேயே இறங்கினேன். அத்தான் காருடன் காத்திருந்தார். அவர் மேரிலாண்டுக்கு வந்து 34 ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பேஸ்பால் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவரும் அவரே.

"மாப்பிள்ளை, முதலில் அப்பாவைப் பார்த்துவிட்டு அப்புறம் மகனைப் பார்ப்போம்" என்றார்.

அப்பா என்று அவர் சொன்னது கேல் ரிப்கன் சீனியரை. அவர் 1999இலேயே காலமாகிவிட்டார். ஓரியோல்ஸ் நிறுவனத்தில் கீழ்மட்ட அணிகளின் வீரராக நுழைந்து, பயிற்சியாளராகி, 1987இல் தலைமை அணிக்கே மேலாளரானவர் அவர். அந்த ஆண்டு அவருடைய அணியில் அவருடைய மகன்களான கேலும் பில்லியும் சேர்ந்து ஆடினார்கள். பயிற்சி ஒருவனைத் தேர்ந்தவன் ஆக்காது, பிழையற்ற பயிற்சிதான் ஆக்கும் என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த வாக்கு. அடுத்த ஆண்டு முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வியில் முடிந்ததால் அவரை நீக்கிவிட்டார்கள். அவர் போனபிறகும் அணி தோற்றுக்கொண்டே இருந்து, தொடக்கத்திலிருந்து 21 ஆட்டங்களைத் தோற்றபின்தான் முதல் வெற்றியைக் கண்டது. தகப்பனை அனுப்பிவிட்ட அணிக்கு மகன் மறுநாளும் வழக்கம்போல மட்டையெடுத்து இறங்கினார். 2,131 என்ற மொத்தத்தில் அந்த ஓர் ஆட்டத்துக்கு என்ன எடை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நெடுஞ்சாலையை ஒட்டி ரிப்கன் குடும்பத்தார் கட்டிய விளையாட்டுத் திடல்கள் இருக்கின்றன. புகழ்பெற்ற மைதானங்களைச் சிறுவர்களுக்கேற்ற அளவில் குறுக்கி அமைத்திருக்கிறார்கள். பால்டிமோர் மைதானத்தின் சின்னப் பிரதிக்குப் பின்னால், அங்கிருக்கும் செங்கல் கிடங்கைப்போலவே தோற்றமளிக்கும் ஒரு விடுதிகூட உண்டு. இன்று மாலை ஒரு திடலில் பயிற்சியாளர் ஒருவர் பத்து வயதுப் பையனுக்குத் தரையோடு பந்துகளை அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பையன் ஒவ்வொரு பந்தையும் எடுத்தெறிந்த பின், தனக்கு முன்னாலிருந்த செம்மண்ணைக் காலணியின் விளிம்பால் இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் அடுத்த பந்துக்குக் குனிந்தான். மண்ணிலுள்ள சிறு மேட்டில் பட்டுப் பந்து முகத்துக்கு எகிறிவிடக் கூடாது என்பதற்காக ஷார்ட் ஸ்டாப்பில் நிற்பவர்கள் செய்யும் வேலை அது. ஓடுபவர்கள் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் அந்த இடத்துக்குச் சுறுசுறுப்பான குள்ளர்கள்தாம் பொருத்தம் என்று நம்பியிருந்த காலத்தில், ஆறடி நான்கு அங்குல ரிப்கனை 1982 ஜூலை 1 அன்று மேலாளர் ஏர்ல் வீவர் அங்கே நிறுத்தினார். தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் நின்றது மூன்றாவது பேஸில். அன்று டொரன்டோ அணியுடன் நடந்த அந்த ஆட்டம் எதற்காவது தொடக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

இரண்டாம் நாள்: செப்டம்பர் 5, வெள்ளி, பால்டிமோர்

காலையில் 33ஆம் தெருவுக்குப் போனோம். ஓரியோல்ஸ் அணி 1991வரை ஆடிய மெமோரியல் ஸ்டேடியம் அங்கேதான் இருந்தது. மைதானத்தை இடித்துவிட்டார்கள், இப்போது ஒய்.எம்.சி.ஏ. கட்டடமும், ரிப்கன் சீனியர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை அமைத்த சிறுவர் திடலும் இருக்கின்றன. பார்க்க வேறொன்றும் இல்லை. ஆனால் அத்தான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இங்கேதான் நீண்ட நேரம் பேசினார். அவர் பேசியதில் முக்கால் பங்கு பேஸ்பாலே இல்லை.

அதே மைதானத்தில் ஆடிவந்த கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, 1984 மார்ச் மாதத்தில் ஒரு பனியிரவில் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தலைக்கவசங்கள், எடைப்பயிற்சிக் கருவிகள் என்று எல்லாமே போயின. விடிந்தபோது ஊருக்கு அணி இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போவது என்றால் என்ன என்பதைப் பால்டிமோர்க்காரர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே அணியில் 21 பருவங்கள் ஆடிய உள்ளூர்க்காரர் ஒருவரை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை இதைத் தெரிந்துகொண்ட பின்னரே நான் புரிந்துகொண்டேன். அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பதைவிட, எங்கும் போகவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிது.

இரண்டாவது காயம் பேஸ்பாலே ஏற்படுத்தியது. சம்பள வரம்பு பற்றிய தகராறில் 1994 ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரீஸ் ரத்தாயிற்று. இரண்டு உலகப்போர்களின்போதும் நிற்காமல் நடந்த போட்டி அது. மாற்று வீரர்களைக் கொண்டு 1995 பருவத்தைத் தொடங்கிவிட முதலாளிகள் திட்டமிட்டபோது, ஓரியோல்ஸ் உரிமையாளர் பீட்டர் ஏஞ்சலோஸ் அதற்கு இணங்க மறுத்தார். கடைசியில் ஒரு நீதிமன்றத் தடையாணையால்தான் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. ஆணையிட்டவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற சோனியா சோட்டோமயோர். ஆட்டம் திரும்பி வந்தது, ரசிகர்கள் திரும்பவில்லை. கோடீஸ்வரர்கள் இரு தரப்பாகப் பிரிந்து சண்டையிட்டதைப் பார்த்து வெறுத்துப்போயிருந்தவர்களை மீண்டும் அழைத்துவரும் வேலையில், ஆட்டம் முடிந்தபின் மணிக்கணக்கில் வேலியோரம் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ரிப்கனுக்குப் பெரும் பங்கு உண்டு என்று பலரும் கருதுகிறார்கள்.

பிற்பகலில் ஓரியோல்ஸ் இப்போது ஆடும் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தை வெளியிலிருந்து சுற்றிவந்தோம். வாசலருகே பழம்பெரும் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் வெண்கலச் சிலை நிற்கிறது. அவர் பிறந்த வீடு இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அவருடைய தந்தை நடத்திய மதுக்கடைகளுள் ஒன்று இன்றைய மைதானத்தின் நடுப்பகுதியில் இருந்தது. ரூத் இடது கையால் பந்தெறிபவர். சிற்பத்திலோ வலது கைக்காரரின் கையுறையைக் கொடுத்துவிட்டார்கள். வலது பக்கம் ரயில் கம்பெனிக்காரர்களின் பழைய செங்கல் கிடங்கு 1,116 அடி நீளத்துக்கு ஓடுகிறது. அகலம் 51 அடிதான். படத்தில் பார்க்கும்போது அழகாகத் தெரியும் அந்தக் கட்டடம், அடியில் நின்று பார்க்கும்போது முடிவில்லாத ஒரு மதில்போலக் கிடக்கிறது.

இரவு அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடனான ஆட்டத்தைப் பார்த்தோம். அவர்களுடைய ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி எதிர்பாராமல் பந்தெறிய வந்தார். கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் டானர் ஸ்காட் எறிந்த பந்தைச் சாமுவேல் பசாயோ என்ற ஓரியோல்ஸின் புதிய இளைஞர் மதிலுக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் ஆக்கி 2-1 என்று முடித்துவைத்தார். அத்தான் குதித்ததில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

அதன் பிறகு 1995ஆம் ஆண்டு ஆட்டத்தின் பதிவைப் போட்டோம்.

பேஸ்பாலில் ஓர் ஆட்டம் மழையால் பாதியில் நின்றாலும் கணக்கில் சேர வேண்டுமானால் ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டும். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் நான்கரை போதும். ஆகவே ரிப்கனின் சாதனை அவர் களத்தில் கால் வைத்த கணத்தில் நிகழவில்லை, மட்டையாலும் நிகழவில்லை. நான்காவது இன்னிங்ஸில் அவர் ஷான் பாஸ்கியின் பந்தை ஹோம் ரன் அடித்ததும், அப்போது வர்ணனையாளர் அறையில் இருந்த அதிபர் பில் கிளின்டன் மகிழ்ச்சியில் கத்தியதும் எல்லாம் உபரி. ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் கடைசி ஆட்டக்காரர் தூக்கியடித்த பந்து இரண்டாவது பேஸ் காவலர் மேனி அலெக்சாண்டரின் கையுறைக்குள் விழுந்தது. ஓரியோல்ஸ் 3-1 என்ற முன்னிலை. ஆட்டம் கணக்கில் சேர்ந்தது; நேரம் இரவு 9:20.

கிடங்குச் சுவரில் நான்கு பெரிய பதாகைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் ஆட்டத்திலும் இந்தக் கட்டம் வந்ததும் எண்ணை மாற்றுவது அந்தச் சில வாரங்களாக நடந்துவந்த சடங்கு. முதல் மூன்று இலக்கங்கள் அப்படியே இருக்க, கடைசிப் பதாகை அவிழ்ந்து சுழியத்தின் இடத்தில் ஒன்று வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிந்தைய 22 நிமிடங்களில் ஆட்டம் எதுவுமே இல்லை. வர்ணனையாளர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ரிப்கன் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து வெளியே வருவார், தொப்பியை அசைப்பார், நெஞ்சைத் தட்டிக் காட்டுவார், உள்ளே போவார். கைதட்டல் அடங்காது, மறுபடி வருவார். முன்வரிசையிலிருந்த தம் குழந்தைகளிடம் போய்ச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மேல்தளத்து அறையில் நின்றிருந்த தந்தையை நிமிர்ந்து பார்த்தார். நீக்கப்பட்ட காலத்தின் மனவருத்தம் தீராத அந்தத் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்ட அந்தச் சில நொடிகளில் அத்தான் மூக்கை உறிஞ்சியதை நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன். கைதட்டல் ஓய்வதாக இல்லை என்றானதும் ராஃபேல் பால்மெய்ரோவும் பாபி போனியாவும் அவரைப் பிடித்துக் களத்துக்குள் தள்ளிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், சற்றே வெட்கத்துடன், அவர் வேலியை ஒட்டி மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் ஓட்டம்போலத் தொடங்கியது, நீண்ட கைகளைப் பற்றப் பற்ற நடையாயிற்று. காவலர்கள், மைதானப் பணியாளர்கள், எதிரணியினர் என்று எவரையும் அவர் விடவில்லை. பெரும்பாலானவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது உதட்டசைவில் தெரிந்தது.

நான் பார்த்த வேறெந்த விளையாட்டுக் கொண்டாட்டத்திலும் இப்படி நடந்ததில்லை. வென்ற கணத்தில் கூத்தாடுவார்கள். இங்கே ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு 46,272 பேர், ஒருவர் தினமும் வந்தார் என்பதற்காக எழுந்து நின்றார்கள். ஆட்டம் முடிந்தபின் கெரிக்கின் சக வீரராக ஆடிய ஜோ டிமாஜியோ, கெரிக் எங்கிருந்தாலும் இப்போது தொப்பியைத் தூக்கி வாழ்த்துவார் என்று பேசினார். ஓரியோல்ஸ் 4-2 என்று வென்றது. அது யாருக்கும் நினைவில்லை.

மூன்றாம் நாள்: செப்டம்பர் 6, சனி, கேம்டன் யார்ட்ஸ்

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மைதானத்துக்கு அருகில் காரை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டேன், கைப்பேசி இல்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டது போட்டபடி இருந்திருக்கிறது, சீட்டுகளோடு. அக்கா வீடு இருக்கும் கொலம்பியா என்ற ஊருக்குத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள், ரிப்கன் கலந்துகொண்ட ஆண்டுவிழா நிகழ்ச்சி முடிந்தேபோயிற்று. ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவரைக் கொண்டாடப் புறப்பட்டுப் போய் நான் தவறவிட்டேன். அத்தான் ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் வரிசையில் நின்றபோது உள்ளே தேசிய கீதம் ஒலித்தது. கடைசி அடிகளுக்கு முன்னால் திடீரென்று "ஓ!" என்று ஒரு பெருங்குரல் மதிலைத் தாண்டிவந்து மோதியது. கீதத்தில் அந்த எழுத்து வரும் இடத்தில் தங்கள் அணியின் முதலெழுத்தைக் கத்துவது பால்டிமோர் வழக்கம். இந்தக் கீதமே 1814இல் இவர்கள் ஊர்க் கோட்டையின் மீது நடந்த குண்டுவீச்சைப் பார்த்து எழுதப்பட்டது என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறார்கள்போலும்.

எங்கள் இருக்கைகள் மேல்தளத்தில் இருந்தன. எனக்கு இடப்பக்கம் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் ஆரஞ்சு நிறச் சட்டையுடன், மடியில் அட்டைபோட்ட ஸ்கோர் தாளும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி. களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஷார்ட் ஸ்டாப்புக்கு 6, முதல் பேஸுக்கு 3. ஷார்ட் ஸ்டாப் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து ஒருவரை வெளியேற்றினால் கட்டத்துக்குள் 6-3 என்று எழுதுவார்கள். பென்சில் முனை மழுங்கும்போது அவர் அதைக் காலணியின் அடிப்புறத்தில் உரசிக்கொண்டார்.

மூன்றாவது இன்னிங்ஸின்போது, நாங்கள் தாமதமாக வந்த கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே 1995 செப்டம்பர் 6ஆம் தேதி ஸ்கோர் தாள். அன்று தம் கணவருடன் வந்திருந்ததாகச் சொன்னார். ரிப்கனின் ஹோம் ரன்னுக்காக நான்காவது இன்னிங்ஸ் கட்டத்தில் சாய்சதுரம் முழுவதும் பென்சிலால் நிரப்பப்பட்டிருந்தது. மற்றக் குறிகள் மங்கியும் அது மட்டும் மினுங்கியது. ஐந்தாவது இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸின் கடைசி ஆட்டக்காரருக்கு நேரே 4 என்று இருந்தது, இரண்டாவது பேஸ் காவலரின் எண். அதற்கப்பால் ஒரு கோடு. எதிர்ப்பக்கத்தில் ஓரியோல்ஸின் ஐந்தாவது இன்னிங்ஸ் வழக்கம்போலத் தொடங்குகிறது.

"அந்த இருபத்திரண்டு நிமிடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்" என்றார். தாளில் அதற்கு இடமில்லை, குறியும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியதாகவும், மறுபடி எடுக்கும்போது கை நடுங்கியதால் அடுத்த கட்டத்தின் எழுத்து மட்டும் கோணலாகிவிட்டதாகவும் சொல்லி, அந்தக் கோணலைக் காட்டினார்.

இந்தத் தொடர் சாதனையைக் குறைகூறுபவர்களும் உண்டு என்பதை நானே எடுத்துச் சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரிப்கனின் ஆட்டம் சுணங்கியபோது, ஓய்வெடுக்காமல் தம் எண்ணிக்கைக்காக அணியைக் கெடுக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. கெரிக்கின் கணக்கிலும் 1934இல் முதுகுவலியோடு, ஒருமுறை மட்டையெடுத்துவிட்டுப் போவதற்காகத் தம் வழக்கமான இடத்தை விட்டு ஷார்ட் ஸ்டாப் என்று பெயர் கொடுத்த ஒரு நாள் இருக்கிறது. அம்மையார் மறுக்கவில்லை. "உடம்பு சரியில்லாத நாளில் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்ததில்லையா நீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

எங்களைச் சுற்றி டாட்ஜர்ஸின் நீலச்சட்டைகளும் நிறைய இருந்தன. ஓட்டானியின் 17, இன்று பந்தெறிந்த யோஷினோபு யாமமோட்டோவின் 18. ஜப்பானிலிருந்தே வந்தவர்கள் சிலர். ரிப்கன் 2,131ஐ எட்டியபோதும் உலக அளவில் முதலிடம் அவருடையது அல்ல என்பதை அமெரிக்கர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஹிரோஷிமா கார்ப் அணியின் சாச்சியோ கினுகாசா 1987இலேயே கெரிக்கைத் தாண்டி 2,215 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடி ஓய்வுபெற்றிருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்த மறுநாள் களமிறங்கி, மூன்று பந்துகளையும் முழு வீச்சில் வீசித் தவறவிட்டு வெளியேறிய மனிதர் அவர். முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது தனக்கு, மூன்றாவது தன்மேல் பந்தெறிந்துவிட்டு வருந்திக்கொண்டிருந்த நிஷிமோட்டோவுக்கு என்றாராம். ரிப்கன் 1996 ஜூனில் கான்சஸ் சிட்டியில் அவரைத் தாண்டியபோது கினுகாசா நேரில் வந்திருந்தார். இதையெல்லாம் அத்தானிடம் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கினுகாசா என்ற பெயர் காதில் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு ஜப்பானியப் பெரியவர் திரும்பி, சற்றே தலை தாழ்த்தினார்.

ஆறாவது இன்னிங்ஸ் முதல் அரங்கத்தில் பேச்சுக் குறைந்தது. யாமமோட்டோ ஒருவருக்கும் ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பேஸை எட்டும் வாய்ப்பு, கொடுக்கவில்லை. அந்த நிலைமைக்கு உள்ள பெயரை உரக்கச் சொன்னால் கைகூடாது என்பது பேஸ்பால் ஐதீகம். அம்மையார் தம் தாளில் ஓரியோல்ஸ் பக்கத்தில் நிறைந்துகொண்டே வந்த வெறுமையைப் பென்சிலால் தொட்டுக் காட்டிவிட்டு உதட்டின்மேல் விரலை வைத்தார். கொண்டாட வந்த உள்ளூர்க் கூட்டம் அவமானத்தை எதிர்நோக்கி உட்கார்ந்திருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-0, இரண்டு பேர் வெளியேறியாயிற்று. அத்தான் எழுந்துவிட்டார். "கிளம்புவோம் மாப்பிள்ளை, இப்போது போனால்தான் கார் எடுக்க முடியும்" என்று படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

ஜாக்சன் ஹாலிடே அடித்த பந்து வலப்பக்க மதிலை மயிரிழையில் தாண்டி விழுந்தது.

யாமமோட்டோவை மாற்றினார்கள். வந்தவர் அடித்தவரை இரண்டாவது பேஸ்வரை போகவிட்டு ஒரு டபுள் கொடுத்தார், அடுத்தவரின் உடம்பில் பந்தைப் போட்டார், பின் எல்லைக்கு வெளியே பந்தெறிந்து ஆட்டக்காரர்களை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பும் நடைகளை வரிசையாகக் கொடுத்து ஓர் ஓட்டத்தையும் விட்டார். அவருக்குப் பதிலாக நேற்றிரவு அடிவாங்கிய அதே டானர் ஸ்காட். இமானுவேல் ரிவேரா நடுக்களத்துக்கு அடித்தார், இருவர் ஓடிவந்தார்கள், 4-3. இவ்வளவும் நடக்கும்போது அத்தான் படிக்கட்டின் நடுவிலேயே, ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக, வருகிறவர் போகிறவரையெல்லாம் மறித்துக்கொண்டு நின்றார். அம்மையார் கத்தவில்லை. கடைசிக் கட்டத்தைப் பூர்த்தி செய்து, கோடு இழுத்து, தேதி எழுதிவிட்டுத்தான் எழுந்து கைதட்டினார்.

வெளியே வரும் வழியில் இடக்களத்துக்கு அப்பாலுள்ள சிலைகளைப் பார்க்கப் போனோம். ரிப்கனின் சிலையருகே படமெடுக்கப் பெரும் வரிசை. பின்னால் நின்ற ஓர் இளம் தந்தை தன் மகனிடம், இவர் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் மட்டம் போடாதவர் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்: செப்டம்பர் 7, ஞாயிறு, ரயிலில்

அக்கா கட்டிக்கொடுத்த தோசைப் பொட்டலத்தை டெலவேர் எல்லைக்குள் நுழையும்போது பிரித்தேன். நேற்றிரவு களைப்பில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன்.

ரிப்கனின் தொடர் காயத்தால் முடியவில்லை, எவரும் நிறுத்தவுமில்லை. 1998 செப்டம்பர் 20, அந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம், எதிரணி கெரிக்கின் யாங்கீஸ். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ரிப்கன் மேலாளர் ரே மில்லரின் அறைக்குப் போய், இன்று நான் ஆடவில்லை என்றார். அவருக்குப் பதிலாக மூன்றாவது பேஸுக்கு ரயன் மைனர் என்ற புதியவரை அனுப்பினார்கள். தம்மைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் முதலில் அவர் நினைத்தார். முதல் ஆட்டக்காரர் வெளியேறியபின்தான் அரங்கத்துக்கு விஷயம் விளங்கியது. யாங்கீஸ் வீரர்கள் தங்கள் டக்அவுட் படியில் வரிசையாக நின்று கைதட்ட, ரிப்கன் வெளியே வந்து தொப்பியைத் தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். 2,632இல் நின்றது.

அந்த நாளின் தாளும் இருக்கிறதா என்று அம்மையாரிடம் கேட்டிருந்தேன். அதற்கு முன் அவர் எழுதிய எண்பத்துச் சொச்சம் தாள்களும் வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கின்றனவாம். அது மட்டும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், கையில் சீட்டு இருந்தும் வீட்டிலேயே இருந்துவிட்டாராம்.

"அவர்தான் எப்படியும் ஆடுவாரே என்று நினைத்தேன்" என்றார்.